அது ஆர்மோனியம் இல்லை, கொன்சர்ட்டினா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு வந்த பேப்பரில், பதினோராம் பக்கத்தில், ஊர்க் கொண்டாட்டம் ஒன்றின் படம் போட்டிருந்தீர்கள். வெள்ளை உடுப்போடு, முழங்காலுக்குக் கீழே சலங்கை கட்டிய, மொரிஸ் என்ற இங்கிலாந்துக் கிராமிய ஆட்டம் ஆடுகிறவர்கள். பக்கத்தில் கதிரையில் இருந்து வாசிக்கும் ஒரு பெரியவர். படத்துக்குக் கீழே "குட்டி ஆர்மோனியம் வாசிக்கும் முதியவர்" என்று இருந்தது. கட்டுரைக்குள்ளே போனால் அதே சாமான் "சின்ன அக்கோர்டியன்" ஆகிவிட்டது. இரண்டும் இல்லை, அது கொன்சர்ட்டினா: இரண்டு கையாலும் பிடித்து, துருத்தியை இழுத்துத் தள்ளி, பொத்தான் அமத்தி வாசிக்கும் சின்னப் பெட்டி. கடைசிப் பந்தியில், பிள்ளைகளுக்கு இதை இணையத்தில் நூறு பவுணுக்குள் வாங்கிக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வேறு.

முதல் இரண்டோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்திருப்பேன். மூன்றாவதுதான் பேனையை எடுக்க வைத்தது. என்ன ஏது என்று கேளாமல் மலிவாகக் கிடைத்ததை வாங்கும் அந்தப் பிழையை நானே செய்தவன். நான் கொடுத்தது நாற்பது பவுண். அதைத் திருத்திக்கொள்ளப் பிறகு செலவழித்ததை மனைவி இன்றும் கணக்கு வைத்திருக்கிறா.

நான் சங்கீதம் முறையாகப் படித்தவன் இல்லை. சுன்னாகத்தில் ஒரு றேடியோ திருத்தும் கடையில் வேலை பழகினேன். 1986இல் லண்டன் வந்து, முப்பது வருடத்துக்கு மேல் பெற்றோல் நிலையத்தில் இரவுக் காசாளர். காதில் இருக்கிற கொஞ்சநஞ்ச சங்கீதமும் பெரியப்பாவால் வந்தது. அவர் இசை நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். கோயில் திருவிழாவில் விடிய விடிய நாடகம் நடக்கும். நான் அவருடைய பெட்டிக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுத்து, துருத்தி மூச்சு விடுவதைக் கேட்டபடியே நித்திரையாகிவிடுவேன். அதனால்தானோ என்னவோ, 2004இல் இங்கே ஒரு சனிக்கிழமைச் சந்தையில், பழைய சப்பாத்துகளுக்கும் தேத்தண்ணிக் கோப்பைகளுக்கும் நடுவே ஆறு மூலைப் பெட்டி ஒன்று வாய் பிளந்து கிடந்ததைக் கண்டதும் கால் நின்றுவிட்டது. நாற்பது பவுண் சொன்னான். பேரம் பேசாமல் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து ஒரு பொத்தானை அமத்திக்கொண்டு இழுத்தேன். ஒரு சுரம் வந்தது. பொத்தானை விடாமல் தள்ளினேன். வேறு சுரம்! பழுது என்று முடிவு கட்டிவிட்டேன். றேடியோக்காரனுக்கு வேறென்ன தோன்றும்? குசினி மேசையில் பேப்பரை விரித்து, ஸ்குறூக்களைக் கழற்றி, உள்ளே இருந்த றீட் தகடுகளை, அதாவது காற்றில் அதிர்ந்து சத்தம் தரும் உலோக நாக்குகளை, ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன். மனைவி வந்து நின்று, "வாங்கி ஒரு மணித்தியாலம் ஆகேல்லை, அதுக்குள்ள பிரிச்சுப் போட்டியளே" என்றா. பார்த்தால் உள்ளே எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு நாக்கு. ஒன்று காற்று உள்ளே வரும்போது பேசும், மற்றது வெளியே போகும்போது. இரண்டுக்கும் வேறு வேறு சுரம். செய்தவனே அப்படித்தான் செய்திருக்கிறான். மவுத் ஓர்கன் ஊதிப் பழகிய எந்தப் பிள்ளைக்கும் இது உடனே பிடிபட்டிருக்கும். எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

அடுத்த கிழமை 185ஆம் இலக்க பஸ் எடுத்து, ஃபோரஸ்ட் ஹில்லில் இருக்கும் ஹோர்னிமன் மியூசியத்துக்குப் போனேன். கற்ஃபோர்ட், லூயிஷம் பக்கத்துத் தமிழ்ச் சனம் பிள்ளைகளுக்கு அந்தப் பெரிய வால்ரஸைக் காட்டக் கூட்டிக்கொண்டு போகிற அதே இடம்தான். அங்கே வாத்தியங்களுக்கு என்று ஒரு மண்டபம் இருக்கிறது. நீல் வெய்ன் என்பவர் சேர்த்து வைத்திருந்த பெரிய கொன்சர்ட்டினாத் தொகுதியை 1996இல் அந்த மியூசியம் எடுத்துக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் ஆறு மூலை, எட்டு மூலை, பன்னிரண்டு மூலை என்று வரிசையாக இருக்கும். அங்கேதான் அந்தப் பெயரைக் கண்டேன்: சேர் சார்ல்ஸ் வீட்ஸ்டன். எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதே என்று நின்று யோசித்தேன். ஏ.எல். பௌதிகத்தில் வரும் வீட்ஸ்டன் பாலம்! நான்கு தடை, நடுவில் ஒரு கல்வனோமானி. சோதனையில் அந்தக் கணக்கைப் பிழையாகச் செய்ததால்தான் நான் றேடியோக் கடைக்குப் போனேன். அதே மனிசன்தான் இந்தப் பெட்டியையும் உண்டாக்கியவர்.

(அந்தப் பாலத்தை முதலில் விவரித்தவர் 1833இல் சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி. வீட்ஸ்டன் பத்து வருடம் கழித்து அதைப் பிரபலப்படுத்தினார், கிறிஸ்டியின் பெயரையும் ஒளிக்காமல் சொன்னார். பெயர் மட்டும் இவருக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் கொன்சர்ட்டினா அவருடைய சொந்தச் சரக்கு.)

வீட்ஸ்டனின் குடும்பமே வாத்தியக் கடைக் குடும்பம். 1829இல் அவர் வாயால் ஊதும் ஒரு சின்னப் பெட்டிக்குக் காப்புரிமை எடுத்தார். அதில் சுரங்களை அடுக்கிய முறையைத்தான் பிறகு துருத்தியோடு சேர்த்துக் கொன்சர்ட்டினா ஆக்கினார். 1844இல் அதற்கும் காப்புரிமை. லண்டன் கொண்டுயிட் ஸ்ட்ரீட் 20ஆம் இலக்கத்தில் கடை. அதே காலத்தில், 1834இல், ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் கார்ல் ஃபிரெட்ரிக் உஹ்லிக் என்பவர் தன் பாட்டில் இன்னொரு பெட்டி செய்தார். தள்ளினால் ஒன்று, இழுத்தால் இன்னொன்று பேசும் வகை அவருடையது. என் நாற்பது பவுண் பெட்டி அந்த ஜெர்மன் வழியில் வந்த பிள்ளை.

கொன்சர்ட்டினா என்ற பெயரையே நான் முதலில் கண்டது முட்கம்பியில். எண்பதுகளில் ஊரில் ஆமிச் சென்றிக்கு, அதாவது காவலரணுக்கு, முன்னால் சுருள் சுருளாக இழுத்து விரிப்பார்களே, அதை ஆங்கிலப் பேப்பரில் கொன்சர்ட்டினா வயர் என்று எழுதுவார்கள். துருத்தி மாதிரி விரிந்து சுருங்குவதால் வந்த பெயர். வாத்தியத்தின் பெயர்தான் கம்பிக்குப் போனது என்று தெரிய எனக்கு நாற்பது வயது கடந்துவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆர்மோனியத்தில் ஒரு கை துருத்தியை அடிக்கும், மற்றக் கை கட்டைகளில் ஓடும். அக்கோர்டியனில் பொத்தானை அமத்தும் திசை ஒன்று, துருத்தி போகும் திசை இன்னொன்று. இடது கைப் பொத்தான் பல ஒரே அமத்தலில் மூன்று சுரத்தைச் சேர்த்துக் கொடுக்கும். கொன்சர்ட்டினாவில் இரண்டு பக்கமும் பொத்தான், இரண்டு கையும் துருத்தியைப் பிடித்திருக்கும், துருத்தி போகும் திசையிலேயே விரலும் அமத்தும். ஒரு பொத்தானுக்கு ஒரு நேரம் ஒரு சுரம். கூட்டுச் சுரம் வேண்டுமானால் விரல்களால் நீங்களே கட்ட வேண்டும்.

வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி விலை இல்லை, எந்த வகை என்பது. ஆங்கிலோ, இங்கிலிஷ், டூயட் என்று மூன்று. வெளியில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒன்றில் பழகிய விரல் மற்றதில் ஒன்றுக்கும் உதவாது.

ஆங்கிலோவை நம்முடைய சுரத்தில் சொன்னால் சுகமாக விளங்கும். நடு வரிசையில் சங்கராபரணத்துச் சுரங்களை வாசிப்பதென்றால்: ச தள்ளு, ரி இழு, க தள்ளு, ம இழு, ப தள்ளு, த இழு, நியும் இழு, மேல் ச தள்ளு. கை ஓயாமல் திசை மாறிக்கொண்டே இருப்பதால் வாசிப்பு தானாகவே துள்ளும். ஆட்டத்துக்கு வாசிக்க அந்தத் துள்ளல் வாய்ப்பு. 1899ஆம் ஆண்டு நத்தாருக்கு அடுத்த நாள், ஒக்ஸ்ஃபோர்ட் பக்கத்து ஹெடிங்டனில், பனியால் கட்டட வேலை இல்லாமல் போன கொஞ்சப் பேர், காலம் தப்பி, நாலு காசுக்காக மொரிஸ் ஆடினார்கள். அவர்களுக்குக் கொன்சர்ட்டினா வாசித்த வில்லியம் கிம்பர் என்ற கொத்தனாரைத் தற்செயலாகக் கேட்டார் செசில் ஷார்ப் என்ற சங்கீத ஆசிரியர். அடுத்த நாள் கூப்பிட்டு மெட்டுகளை எழுதி எடுத்தார். இங்கிலாந்தின் கிராமிய ஆட்டங்கள் பிறகு ஏட்டில் ஏறிய கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. கிம்பர் வாசித்தது ஆங்கிலோ. அயர்லாந்தில் கிளேயர் கவுண்டிக்காரர்கள் வாசிப்பதும் ஆங்கிலோ, முப்பது பொத்தான் உள்ளது.

இங்கிலிஷ் என்பது வீட்ஸ்டனின் வகை. தள்ளினாலும் இழுத்தாலும் ஒரே சுரம். நாற்பத்தெட்டுப் பொத்தான், மூன்றரை ஸ்தாயி. கட்டைவிரல் ஒரு தோல் வளையத்துக்குள், சின்னவிரல் ஒரு உலோகத் தட்டில். மேல்நாட்டு இசை எழுத்தில் கோட்டின் மேல் வரும் சுரங்கள் ஒரு கையிலும் இடைவெளியில் வரும் சுரங்கள் மற்றக் கையிலும் இருக்கும். அதாவது ச, க, ப, நி ஒரு கை. ரி, ம, த, மேல் ச மற்றக் கை. அடுத்த ஸ்தாயியில் எல்லாம் கை மாறிவிடும். பைத்தியக்காரத்தனம் போலத் தோன்றும். சரளி வரிசையை இரண்டு கிழமை வாசித்துப் பாருங்கள், இரண்டு காலால் நடக்கிற மாதிரி விரல் தானாகப் போகும்.

இங்கிலிஷ் பெட்டியில் என்னை அசத்திய விஷயம் ஒன்று இருக்கிறது. பியானோவில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டை. இதில் பதினாலு பொத்தான். சங்கராபரணத்தின் ரிஷபத்தைக் கொஞ்சம் ஏற்றினால் வருவதும், காந்தாரத்தை இறக்கினால் வருவதும் பியானோவில் ஒரே கறுப்புக் கட்டை. வீட்ஸ்டன் இரண்டுக்கும் தனித்தனிப் பொத்தான் வைத்தார். ஆரம்ப காலத்தில் இரண்டும் உண்மையிலேயே வேறு வேறாகச் சுருதி கூட்டப்பட்டிருந்தன. நம்முடைய ஆட்கள் ஷட்சுருதி ரிஷபம், சாதாரண காந்தாரம் என்று ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறார்களே, அந்த இடமேதான். இன்று எல்லாப் பெட்டியையும் பியானோ மாதிரிக் கூட்டிவிட்டார்கள். இரண்டு பொத்தானும் ஒரே குரலில் பேசுகின்றன. எனக்கு இதில் கவலைதான்.

டூயட் பற்றி அதிகம் சொல்லத் தெரியாது. இடது கைக்குக் கீழ்ச் சுரம், வலது கைக்கு மேல்ச் சுரம், தள்ளினாலும் இழுத்தாலும் ஒன்றே. அதற்குள்ளேயே மக்கான், கிரேன், ஹேடன் என்று பொத்தான் அடுக்கும் முறைகள் பல. ஒருவரிடம் வாங்கிய கையோடு வாசித்தேன், பத்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எனக்குத் தள்ளு இழு சரிவரவில்லை. ஆர்மோனியத்தைக் கேட்டு வளர்ந்த காது, ஒரு கட்டைக்கு ஒரு சுரம் என்றே எதிர்பார்த்தது. ஆகவே இரண்டாவது தடவை இங்கிலிஷ் தேடினேன். அதிலும் அடிபட்டேன். இணையத்தில் ஒருவர், "முழுதாகத் திருத்தியது, உடனே வாசிக்கலாம்" என்று போட்டிருந்த லாச்செனால் ஒன்றை 650 பவுணுக்கு எடுத்தேன். லூயி லாச்செனால் முதலில் வீட்ஸ்டனுக்கு வேலை செய்தவர், பிறகு தானே தொடங்கி ஆயிரக்கணக்கில் செய்து விற்றார். அவர் பெயரில் 1930கள் வரை பெட்டிகள் வந்தன. நல்ல மரம், உருக்கு நாக்கு, துருத்தியில் ஒரு பொட்டுக் காற்று ஒழுக்கில்லை. தனியே வாசிக்கும்போது ஒரு குறையும் தெரியவில்லை. ஒரு புதன்கிழமை இரவு, பப் ஒன்றில் கூடி வாசிக்கிறவர்களோடு போய் இருந்தேன். முதல் மெட்டிலேயே பிடில்காரி என்னைத் திரும்பிப் பார்த்தா. இரண்டாவதில் புல்லாங்குழல்காரரும் பார்த்தார். மூன்றாவதில் நானே நிறுத்திவிட்டேன். அந்தக் காலத்து இங்கிலாந்தில் சுருதியை உயர்த்தி வைத்திருந்தார்கள். இன்று செக்கனுக்கு 440 அதிர்வு என்று வைக்கும் இடத்தில் என் பெட்டி 452இல் நின்றது. கிட்டத்தட்ட அரைச் சுரத்தின் பாதி. பெட்டிக்குள் எல்லாம் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தியிருந்ததால் தனியே கேட்கும்போது தெரியவே தெரியாது.

சுருதியை இறக்குவதற்கு நாக்கின் அடிப்பக்கத்தில், அது இறுகப் பிடித்திருக்கும் இடத்துக்குக் கிட்ட, மெல்லிதாக அராவ வேண்டும். ஏற்றுவதற்கு நுனியில் அராவ வேண்டும். நாற்பத்தெட்டுப் பொத்தானுக்குத் தொண்ணூற்றாறு நாக்கு. சொல்ல லேசு, கை வைத்தால் நாக்கு போய்விடும். நான் சால்டரிங் அயனைப் பிடித்த கையை நம்பி முதலில் சந்தைப் பெட்டியில் ஒரு நாக்கை அராவிப் பார்த்தேன், அது இன்றுவரை இருமுகிறது. லாச்செனாலைத் தெரிந்தவரிடமே கொடுத்தேன். நான்கு மாதம், 380 பவுண்.

ஆகவே பழைய பெட்டி வாங்கப் போகிறவர் கைபேசியில் ஒரு ட்யூனர் செயலியைப் போட்டுக்கொண்டு போக வேண்டும். மத்திய ஸ்தாயியில் த வரும் பொத்தானை மெல்ல அமத்தி, 440இல் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் பிடித்து, பொத்தான் ஒன்றையும் தொடாமல், மற்றப் பக்கத்தைத் தொங்க விடுங்கள். நல்ல துருத்தி மெல்ல மெல்லத்தான் இறங்கும். தொப்பென்று விழுந்தால் காற்று ஒழுகுகிறது. ஒவ்வொரு பொத்தானையும் இழுத்தும் தள்ளியும் கேளுங்கள், மிக மெல்லிய காற்றிலும் பேசுகிறதா என்று. பிந்திப் பேசும் நாக்கு, தானாகவே முனகும் சுரம், இரண்டும் உள்ளே வேலை இருக்கிறது என்று சொல்லும். மூக்கை வைத்து மணந்தும் பாருங்கள். ஈரப் பூஞ்சணம் மணத்தால் நான் வாங்க மாட்டேன். வீட்ஸ்டன் பெட்டி என்றால் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்தக் கடையின் பழைய கணக்குப் புத்தகங்களை ஹோர்னிமன் மியூசியம் இணையத்தில் போட்டிருக்கிறது, எந்த ஆண்டு விற்றது என்று பெரும்பாலும் பார்த்துவிடலாம்.

"சி. ஜெஃப்ரீஸ் மேக்கர்" என்று அடித்த ஆங்கிலோ ஒன்று யாருடைய அலுமாரியிலாவது கிடந்தால், தயவு செய்து சந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள். அயர்லாந்துக்காரர்கள் அதற்கு ஆயிரக்கணக்கில் பவுண் கொடுப்பார்கள்.

பிள்ளைகளுக்கு என்றால் புதிதாகச் செய்யும் ஆரம்பப் பெட்டிகள் இருக்கின்றன. ரோஷெல் என்பது ஆங்கிலோ, ஜாக்கி என்பது முப்பது பொத்தான் இங்கிலிஷ். உள்ளே அக்கோர்டியன் நாக்கு, ஆளும் கொஞ்சம் பருமன். குரல் பழைய பெட்டி மாதிரி இராது. ஆனால் காற்று ஒழுகாது, சுருதி நிற்கும், பிள்ளை களைத்துப் போகாது. விலை சில நூறு பவுண் வரும். நீங்கள் எழுதிய நூறு பவுண் பொம்மையில் பழகுகிற பிள்ளை, தனக்குச் சங்கீதம் வராது என்று நினைத்து விட்டுவிடும். பிழை பெட்டியில் இருக்கும்.

வாசிக்கப் பழகியது பெற்றோல் நிலையத்தில். இரவு இரண்டு மணி தொடக்கம் நான்கு மணிவரை ஒரு கார் வந்தால் பெரிய விஷயம். கதவைப் பூட்டிவிட்டு, யன்னலால் காசு வாங்கும் நேரம் அது. ஒரு நாள் முதலாளி கமராப் பதிவைப் பார்த்துவிட்டு வந்தார். கமராவில் படம் மட்டும்தான், சத்தம் இல்லை. "இரவிரவாக என்னத்தைப் பிழிந்துகொண்டு இருக்கிறாய்?" என்று கேட்டார். நல்ல மனிசன், விட்டுவிட்டார்.

அந்த யன்னலடியில்தான் ஒரு டக்சிக்காரர் எனக்கு வாத்தியார் ஆனார். கிளேயர் கவுண்டியில் பிறந்தவர். காசை நீட்டியவர் கையை எடுக்காமல் நின்று கேட்டார். "நீ பெட்டியோடு சண்டை பிடிக்கிறாய்" என்றார். அவருக்கு வாசிக்கத் தெரியாது, தாயார் வாசித்ததைப் பார்த்து வளர்ந்தவர். ஒரு பக்கத்தைத் தொடையில் அமர வை, மற்றப் பக்கத்தை மட்டும் அசை. துருத்தியை முழுக்க விரிக்காதே, பாதிக்குள் வைத்துக்கொள். பாடுகிறவன் எங்கே மூச்சு எடுப்பானோ அங்கே திசையை மாற்று. அவ்வளவுதான் அவர் சொன்னது. துருத்தியின் மடிப்புகளைக் காற்சட்டையில் தேய விட்டால் மூலைத் தோல் பிய்ந்துவிடும் என்பது மட்டும் நான் காசு கொடுத்துப் படித்த பாடம்.

அவர் எனக்குப் பதிந்து தந்தது மிஸிஸ் க்ரொட்டியின் வாசிப்பு. எலிசபெத் க்ரொட்டி, 1885இல் பிறந்து 1960இல் இறந்தவர், கில்ரஷ் பட்டினத்தில் பப் நடத்தியவர். ஐம்பதுகளில் கியரன் மக் மஹூனா என்ற அயர்லாந்து வானொலிக்காரர் ஒலிப்பதிவு வண்டியோடு ஊர் ஊராகப் போய்ப் பதிந்த ஆட்களில் அவரும் ஒருவர். அலங்காரம் அதிகம் இல்லை, வேகமும் இல்லை. மெட்டு தெளிவாக நிற்கும். எத்தனையோ பெரிய வித்துவான்களைப் பிறகு கேட்டேன், எனக்கு இன்னும் அந்த அம்மாவின் வாசிப்புத்தான்.

நம்முடைய பாட்டு வருமா என்று கேட்பீர்கள். மோகனம் வரும். சங்கராபரணம் ஓரளவு வரும். தோடிக்குக் கை வைக்கக் கூடாது. கமகம் இல்லை, ஒரு சுரத்திலிருந்து மற்றதுக்கு வழுக்கிப் போக வழியில்லை. இந்தக் குறைக்காகத்தான் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடை செய்தது, 1971 வரை அதற்கு அங்கே இடமில்லை. பெரியப்பா இதைச் சொல்லிச் சொல்லிக் கோபப்படுவார். "மேடையில பாடுறவனுக்குச் சுருதி கொடுக்கிறது ஆர், வானொலியோ?" என்பார். நான் பெட்டியில் தேவாரம் வாசிக்க முயன்றேன், இரண்டு வரியில் விட்டுவிட்டேன். இங்கிலிஷ் மெட்டு, ஐரிஷ் மெட்டு, அவைதான் அதன் சொந்த பாஷை.

2017 ஐப்பசியில் ஊருக்குப் போனபோது லாச்செனாலைக் கொண்டு போனேன். மூன்றாம் நாள் மழை பிடித்தது. ஐந்தாம் நாள் நான்கு சுரம் ஊமை. சொந்தக்காரர் எல்லாரும் முற்றத்தில் கதிரை போட்டு இருக்கிறார்கள். திறந்து பார்த்தேன். நாக்கைத் தாங்கும் பித்தளைச் சட்டங்கள் மரத்தில் வெட்டிய காடிக்குள் இறுக்கமாகச் செருகியிருக்கும். ஈரத்தில் மரம் ஊதிச் சட்டத்தை நெரித்துவிட்டது. சட்டம் ஒரு மயிரளவு ஒடுங்கினால் போதும், நாக்கு உரசி நின்றுவிடும். நகத்தால் ஒவ்வொன்றையும் துளி வெளியே தள்ளிவிட்டேன், பேசின. லண்டனில் ஹீட்டர் போட்ட மாரியில் நேர் எதிர்மாறு, மரம் காய்ந்து சட்டம் தளர்ந்து கிண்கிணுக்கும். அதற்கு மெல்லிய கடதாசித் துண்டு ஒன்றைச் சேர்த்துச் செருக வேண்டும்.

கடைசியாக ஒலிப்பதிவு. கொரோனாக் காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது பிடித்த விசர் இது. முதலில் கனடாவில் இருக்கும் தங்கைக்கு வட்ஸ்அப்பில் வாசித்துக் காட்டினேன். "அண்ணா, தொடங்கேக்க கேக்குது, பிறகு சத்தம் செத்துப் போகுது" என்றா. றேடியோக்காரனுக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் எடுத்தது. போன், பேச்சு எது, இரைச்சல் எது என்று பிரிக்கிறது. ஒரே அளவில் நீண்டு ஒலிக்கும் எதையும் விசிறிச் சத்தம், ஃப்ரிட்ஜ் சத்தம் என்று நினைத்து வெட்டுகிறது. கொன்சர்ட்டினாவின் நீண்ட சுரம் அதற்கு ஒரு ஃப்ரிட்ஜ்.

பிறகு சின்னக் கொண்டென்சர் மைக் இரண்டு வாங்கினேன். சத்தம் இரண்டு பக்கத்தாலும் வருகிறதே, பக்கத்துக்கு ஒன்று என்று கிட்ட வைத்து, ஒன்றை இடது காதுக்கும் மற்றதை வலது காதுக்கும் போட்டுப் பதிந்தேன். மகளின் பிள்ளை ஹெட்போனில் கேட்டாள். பாதியில் கழற்றி, "அம்மப்பா, தலை சுத்துது" என்றாள். நான் கேட்டேன். ச இடது காதில், ரி வலது காதில், க இடது, ம வலது. சரளி வரிசை ஒரு காதிலிருந்து மற்றக் காதுக்குத் தாவித் தாவிப் போகிறது! இங்கிலிஷ் பெட்டியின் அடுக்கு அப்படி. ஆங்கிலோவிலோ டூயட்டிலோ இந்த வழி ஓரளவு சரிவரும், அவற்றில் கீழ்ச் சுரம் இடது, மேல்ச் சுரம் வலது. இங்கிலிஷுக்கு ஒரே மைக் போதும். நெஞ்சு உயரத்தில், நேர் முன்னால், ஒரு மீற்றர் தள்ளி. கிட்ட வைத்தால் பொத்தான் தட்டும் டக்டக் சத்தமும், தோல் வாரின் கிறீச்சும், துருத்தி திசை மாறும் மூச்சும் பாட்டை மூடிவிடும். பெட்டியை ஆட்டி ஆட்டி வாசிக்கிறவர்களுக்குச் சத்தம் கூடிக் குறையவும் செய்யும். தூர வைத்தால் அறையின் சத்தம் உள்ளே வரும், ஆகவே அறையைப் பார்க்க வேண்டும். குளியலறை கூடாது, எதிரொலியில் எல்லாம் குழம்பிவிடும். படுக்கையறையில் போர்வைக்குள் வாசித்தேன், பெட்டிக்குச் சளி பிடித்த மாதிரி இருந்தது. இப்போது முன் அறையில், பின்னால் புத்தக அலுமாரி, ஒரு பக்கம் திரைச்சீலை, காலுக்குக் கீழே வெறும் பலகை. அதுதான் சரி. தானாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியை நிறுத்தி, உச்சச் சத்தம் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாமல் வைத்துக்கொள்கிறேன். மோதிரத்தைக் கழற்றுகிறேன். ஃப்ரிட்ஜையும் நிறுத்துகிறேன், ஒரு தடவை திருப்பிப் போட மறந்து ஒரு கிலோ இறால் போனது.

சரி, படத்துக்கு வருகிறேன். பெரியவரின் கட்டைவிரல் தோல் வளையத்துக்குள் இருக்கிறது, ஆகவே அவர் வைத்திருப்பது இங்கிலிஷ் கொன்சர்ட்டினா. மொரிஸுக்குப் பெரும்பாலும் ஆங்கிலோதான் வாசிப்பார்கள், இவர் ஏதோ தன் வழியில் போகிறார். அடுத்த இதழில் பெயரைத் திருத்திப் போட்டால் போதும். இன்னொரு விஷயம். பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இடது பக்கம், வெளி வரிசையில், மேலிருந்து மூன்றாவது பொத்தான் உள்ளே விழுந்து கிடக்கிறது. உள்ளே ஸ்பிரிங் கழன்றிருக்கும், அல்லது பொத்தான் தன் குழியிலிருந்து விலகியிருக்கும். எப்படியும் இருபது நிமிட வேலை. படம் எடுத்தவருக்கு அவரைத் தெரியுமானால் சொல்லச் சொல்லுங்கள். புதன்கிழமை தவிர எந்த நாளும் வீட்டில் இருப்பேன். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பெற்றோல் நிலையக் காசாளர்,
கற்ஃபோர்ட், தென்கிழக்கு லண்டன்